நண்டின் இடது பின்னங்காலை உடைத்தது யார்?

யாயிசு,
மே மாதம், புதன்கிழமை

‘கையளவு’ பிளாஸ்டிக் மாடல் மாத இதழில் ‘கேளுங்கள், ஒட்டித் தருகிறோம்’ பக்கத்தைக் கவனித்துக்கொள்ளும் மரியாதைக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

புதுத் தேயிலை கடைகளுக்கு வந்துவிட்ட இந்த நாட்களில் தாங்களும், தங்கள் அலுவலகத்தாரும், அங்கே பாதி ஒட்டியும் பாதி காய்ந்தும் நிற்கும் மாடல்கள் அனைத்தும் சௌக்கியமாக இருக்கும் என்று நம்புகிறேன். எங்கள் வீட்டில் மூன்று பேரும் சௌக்கியம். ஒரு நண்டு மட்டும் சௌக்கியமாக இல்லை.

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஓர் அஞ்சலட்டையில் ஒரு கேள்வி, அதுவும் பத்து வரிக்குள் என்று தங்கள் பக்கத்தின் தலையிலேயே போட்டிருக்கிறது. என்னுடையதும் ஒரே கேள்விதான். ஆனால் சாட்சியங்கள் அட்டையில் அடங்கவில்லை. இன்னொரு மன்னிப்பும் உண்டு. ஒன்பது வயதிலிருந்து தங்கள் இதழைப் படிக்கிறேன், ஆனால் பதினான்கு வயது வரை நெமோத்தோ-சானின் மாடல் கடையில் நின்றபடியேதான் படித்தேன், வாங்கவில்லை. கடைக்கார அம்மாவான அவர் தூசி தட்டும் குச்சியோடு நெருங்கினால், எந்தப் பக்கத்தில் இருந்தேனோ அதோடு மூடிவைத்துவிட்டு ஓடிவிடுவேன். ஆகவே சில பக்கங்களை நான் முழுதாகப் படித்ததில்லை. நான் ஒளிவுமறைவு இல்லாதவள் என்று தாங்கள் நம்ப வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

என் கேள்வி இதுதான். எங்கள் வீட்டில் இருக்கும் மூவரில் என் நண்டின் இடது பின்னங்காலை உடைத்தது யார்? மூவரில் ஒருத்தி நான் என்பதால், இருவரில் யார் என்று வைத்துக்கொண்டால் போதும்.

நண்டு என்பது வியாழனின் நிலவொன்றில் பனிப்பாறை வெட்டுவதற்காக நூற்றெழுபது வருஷத்துக்குப் பிறகு செய்யப்படப் போகும் ஒற்றைக் கொடுக்கு வண்டி. பெட்டியில் அப்படித்தான் போட்டிருக்கிறது. நான்கு கால், ஒரே பெரிய கொடுக்கு, நடுவில் ஓட்டுபவர் உட்கார ஒரு கண்ணாடிக் கூண்டு. என்னிடம் இருப்பது அதன் பிளாஸ்டிக் மாடல், நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவு. நெமோத்தோ-சான் கடையின் மேல்தட்டில் பதினோரு வருஷமாகப் படுத்துக் கிடந்த கடைசிப் பெட்டி அது. கம்பெனி அதை மறுபடி வெளியிடவில்லை. அதனால் கெட்டுப் போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை நகர மண்டபத்தில் மாடல் கண்காட்சி. நெமோத்தோ-சான் கடைக்கு அங்கே இரண்டு மேசை. போன மாதம் அவர் என்னைக் கூப்பிட்டு, “கண்ணாடிப் பெட்டியில வைக்கிற சாம்பிளை எல்லாம் நானே ஒட்டி ஒட்டிக் கண்ணு போச்சு. உன் நண்டை என் மேசையில நிறுத்து. வர்றவங்க நாலு பேர் குனிஞ்சு பாத்தாங்கன்னா, அடுத்த வாரமே பின்னறையில உனக்கு ஒரு நாற்காலி போட்டுடறேன். நீ ஒட்டு, பெயின்ட் அடி. பேசறதெல்லாம் என் வேலை” என்றார். பேச வேண்டாத வேலை! உலகத்தில் அப்படி ஒன்று இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. நான் உயர்நிலைப் பள்ளியில் முதல் வருஷம் ஜூன் மாதத்தோடு நின்றுவிட்டவள். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. எழுந்து நின்று வாய்விட்டு வாசிக்கச் சொன்னார்கள். அப்பா இதைக் கேட்டுவிட்டு, “அந்த நாற்காலி கிடைச்சா சரி. கிடைக்கலைன்னா மறுநாளே ஓரியே கூட ஹன்பென் கடைக்குக் கிளம்பு. வீட்டுக்குள்ளயே இருந்தா மேல பூஞ்சை பூத்துடும், கொனோ” என்று சொல்லிவிட்டார்.

ஓரியே-சான் யார் என்று சொல்ல வேண்டும். என் அம்மா நான் சிறுமியாக இருந்தபோதே இறந்துவிட்டார். போன செப்டம்பரில் அப்பா ஓரியே-சானை மணந்துகொண்டார். ரயில் நிலையத்தை ஒட்டிய கடைத்தெருவில், மத்தி மீனை முள்ளோடு அரைத்து அவித்த கறுப்பு ஹன்பென் விற்கும் கடையில் அவர் நிற்கிறார். “வாங்க வாங்க, சூடா இருக்கு, இப்பத்தான் எடுத்தது!” என்று அவர் கூவுவது இரண்டாம் நடைமேடை வரை கேட்கும். அங்கே வேலைக்குப் போனால் நானும் கூவ வேண்டும். வீட்டில் மட்டும், எட்டு மாதமாக, அவரும் நானும் ஒரே விடுதியில் வந்து தங்கிய இரண்டு வெளியூர்க்காரர்கள் போல மிகவும் மரியாதையாக இருக்கிறோம். மரியாதைக்கு ஒரு ‘சான்’ சேர்த்து அவர் என்னைக் கொனோமி-சான் என்பார். நான் அவரை ஓரியே-சான் என்பேன். சொல்ல வேண்டியதை எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுவோம். “கொனோமி-சான், தயிர் இருக்கிறது. ஓரியே.” “ஓரியே-சான், தயிரைச் சாப்பிட்டேன். நன்றி. கொனோமி.” இதற்கு மேல் எங்களுக்குள் எதுவும் நடந்ததில்லை, போன வாரம் செவ்வாய்க்கிழமை வரை.

நான் முதலில் சந்தேகப்பட்டது அப்பாவைத்தான். மாடலின் கோடுகளில் வழியும் பெயின்டைத் துடைப்பதற்கென்று கூர்முனைப் பஞ்சுக்குச்சிகள் வைத்திருந்தேன். அவை இரண்டு மூன்றாகக் குறைந்துகொண்டே வந்தன. எண்ணி வைத்தேன். எண்ணி வைத்த பிறகும் குறைந்தன. ஒரு நாள் அப்பா துறைமுகக் குளிர்க்கிடங்கு வேலைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து, “ஏன் எல்லாரும் என் காதையே பாத்துச் சிரிக்கிறாங்க?” என்றார். காதுக்குள் பச்சை பெயின்ட், என் முந்தைய மாடலுடையது. நான் துடைத்துவிட்டு ஓரமாக வைத்த குச்சியால் குடைந்திருக்கிறார். ஆகவே என் மேசைப் பக்கம் அவர் வருவது நிரூபணமாகிவிட்டது. ஆனால் அப்பா ஒன்றை உடைத்தால் உடைந்ததை அப்படியே போட்டுவிட்டுப் போவார். ஒட்டிவைக்க மாட்டார். இந்த வழக்கின் மர்மமே ஒட்டிவைத்ததில்தான் இருக்கிறது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நண்டை ஒட்டி, உப்புத்தாள் போட்டு, முழுவதும் துருப் பழுப்பு அடித்தேன். அதன் மேல் ஹேர் ஸ்ப்ரே. அதன் மேல் மஞ்சள். பிறகு ஈரத் தூரிகையால் மெல்லத் தேய்த்தால் உள்ளே ஹேர் ஸ்ப்ரே கரைந்து, மஞ்சள் அங்கங்கே உரிந்து, முப்பது வருஷம் பனியில் உழைத்த வண்டி போலத் துரு எட்டிப் பார்க்கும். தங்களுக்குத் தெரியாததல்ல. பதினேழு பிளாஸ்டிக் கரண்டிகளில் பழகிய பிறகே நண்டில் கை வைத்தேன். ஹேர் ஸ்ப்ரே எங்கிருந்து வந்தது என்பது வேறு விஷயம். குளியலறை அலமாரியில் இருந்தது. குளியலறை எல்லோருக்கும் பொது. இந்த வழக்குக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் கோடு நிரப்பினேன். கறுப்பும் பழுப்பும் கலந்த எனாமல் பெயின்டைத் தின்னரில் தண்ணீராகக் கரைத்து, தகடும் தகடும் சேரும் இடத்தில் தூரிகை நுனியால் தொட்டால் போதும், அது தானாக ஓடிப்போய் நிறையும். அந்த ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அதிலும் இடது பின்னங்கால் உடம்போடு இறுக்கமாகச் செருகும் மூட்டு இருக்கிறதே, எவ்வளவு ஊற்றினாலும் உறிஞ்சிக்கொண்டது. பாவம், தாகமாக இருக்கிறது என்று மூன்று தடவை ஊற்றினேன். நான் அந்தக் காலை எவ்வளவு அக்கறையாகக் கவனித்தேன் என்பதற்கு இதுவே சாட்சி.

செவ்வாய்க்கிழமை ஓரியே-சானுக்கு விடுமுறை. காலையில் மேல்பூச்சு ஸ்ப்ரே வாங்க நெமோத்தோ-சான் கடைக்குப் போனேன். போகும்போது நண்டு நான்கு காலில் நின்றது. திரும்பி வந்து பார்த்தால் மேசையில் நண்டு இல்லை. கேக் வைக்கும் மூடி போட்ட டப்பா ஒன்று இருந்தது. உள்ளே நண்டு. அதன் இடது பின்னங்கால் நாய் கம்பத்தருகே தூக்குமே, அந்தக் கோணத்தில் ஒட்டப்பட்டிருந்தது. அதைவிடக் கொடுமை, ஓட்டுபவர் உட்காரும் கண்ணாடிக் கூண்டு முழுவதும் வெள்ளையாகப் பூத்து, கண்ணில் புரை விழுந்தது போலாகிவிட்டது. மூடியைத் திறந்ததும் சூப்பர் க்ளூ வாடை. சூப்பர் க்ளூவின் ஆவி கண்ணாடிப் பாகத்தை வெளுக்கச் செய்யும் என்பது மாடல் செய்கிற எல்லோருக்கும் தெரியும். அதை டப்பாவுக்குள் போட்டு மூடிவைத்தால் எப்படி இருக்கும்! காலைத் தற்செயலாக உடைக்கலாம். ஆனால் மூடி போட்டு ஆவி பிடிக்க வைப்பது தற்செயலா? இவ்வளவு நுணுக்கம் தெரிந்த ஒருவர் இந்த வீட்டில் மறைந்து வாழ்கிறார்!

அன்று இரவுச் சாப்பாட்டில் நான் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. கவனித்தேன். ஓரியே-சான் இடது கையால் சாப்பிட்டார். அவர் வலக்கைக்காரர். வறுத்த சூரை மீன் துண்டு இரண்டு முறை சாப்பாட்டுக் குச்சியிலிருந்து நழுவி சூப்பில் விழுந்தது.

“கைக்கு என்ன ஆச்சு?” என்றார் அப்பா.

“ஒண்ணுமில்லீங்க. கடையில எண்ணெய் தெறிச்சுது.”

“இன்னிக்கு உனக்கு லீவு ஆச்சே.”

“நேத்துத் தெறிச்சது இன்னிக்கு வலிக்குது.” பிறகு, பேச்சை மாற்ற நினைத்தாரோ என்னவோ, “ஏங்க, என் ஹேர் ஸ்ப்ரேயை நீங்க எடுத்தீங்களா? போன மாசம் வாங்கின டின், ஆட்டிப் பாத்தா சத்தமே இல்ல” என்றார்.

அப்பா தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். தடவுவதற்கு அங்கே அதிகம் இல்லை. “நானா? எனக்கு எதுக்குடி அது?”

“அதைத்தான் நானும் யோசிக்கிறேன். அந்த நாலு முடியை நிறுத்தறதுக்கு ஒரு டின்னு முழுசா வேணுமா?”

“நாலுன்னு யார் சொன்னது? கொனோ, நீ சொல்லு, நாலா?”

நான் சூப்பைக் குடித்தேன். ஓரியே-சானின் வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மேசைக்கடியில் ஒன்றை ஒன்று விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததையும், அவற்றின் ஓரத்தில் வெள்ளையாகக் காய்ந்திருந்ததையும் நான் பார்த்துவிட்டேன். அப்போதும் எதுவும் சொல்லவில்லை. நான் சொல்லாதவள் என்று அவருக்கும் தெரியும். குற்றவாளிகள் என்னைப் போன்றவர்களைத்தான் தேடிப் பிடிப்பார்கள்.

நண்டின் காலைப் பிடுங்கிச் சுத்தம் செய்தேன். காலுக்குப் பித்தளைக் கம்பி போட்டு நிறுத்திவிடலாம். கூண்டுக்கு என்ன செய்வது? அறைக்கு யார் வருகிறார்கள் என்று பிடித்துவிட, மாடல்களுக்குச் சேறு பூசுவதற்காக வைத்திருந்த பழுப்புப் பொடியை வாசலை ஒட்டித் தரையில் மெல்லியதாகத் தூவிவைத்தேன். வியாழக்கிழமை நான் குளித்துவிட்டு வருவதற்குள் அதில் தடம் விழுந்திருந்தது. குனிந்து பார்த்தேன். பூப்போட்ட அடிப்பகுதி. ஆசிரியர் அவர்களே, அது எங்கள் வீட்டுக் கழிப்பறைச் செருப்பு! கழிப்பறைக்குள் மட்டுமே போட வேண்டிய செருப்பை மாற்ற மறந்து ஒருவர் மரத்தரையெல்லாம் கடந்து என் அறை வரை வந்திருக்கிறார் என்றால், அவருடைய மனம் எவ்வளவு பதற்றத்தில் இருந்திருக்க வேண்டும்! அப்பா அப்போது துறைமுகத்தில் இருந்தார். அவருடைய கால் அந்தச் செருப்பில் நுழையவும் நுழையாது.

எதற்காக வந்தார் என்று தேடினேன். எதுவும் திருடுபோகவில்லை என்றே முதலில் நினைத்தேன். கூண்டை மட்டும் கம்பெனியிடமே கேட்டு வாங்கிவிடலாம் என்று தோன்றி, செய்முறைத் தாளின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். தொலைந்த பாகம், உடைந்த பாகம் வேண்டுவோர் நிரப்பி அனுப்பும் சீட்டு அங்கேதான் இருக்கும் என்பது தங்களுக்குத் தெரியும். இல்லை. அந்த மூலையைக் கத்தரிக்கோலால் புள்ளிக்கோடு தவறாமல் வெட்டி எடுத்திருந்தார்கள். உடைத்தார்கள், கோணலாக ஒட்டினார்கள், கண்ணைக் குருடாக்கினார்கள், கடைசியில் மருந்து கிடைக்கும் வழியையும் அடைத்துவிட்டார்கள். அடுத்த வாரம் நான் ஹன்பென் கடையில் நின்று கூவ வேண்டும் என்று யாருக்கு ஆசை இருக்கும்? கடையில் ஆள் பற்றவில்லை என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர் யார்?

இன்னும் இரண்டு சாட்சியம். சனிக்கிழமை ஓரியே-சான் தோட்டத்துப் பக்கம் நின்று தொலைபேசியில், “தயவு பண்ணி ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி வர்ற மாதிரி பாருங்க. இல்ல, இல்ல, பொண்ணுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது” என்று சொன்னதை என் காதால் கேட்டேன். திங்கட்கிழமை அவருடைய பை திறந்திருந்தது. நான் எட்டிப் பார்க்கவில்லை, அதுவாகத் தெரிந்தது. உள்ளே ஹன்பென் கடையின் நீல ஏப்ரன், புதியது, சின்ன அளவு. ஓரியே-சானுக்கு அது ஒரு கைக்குத்தான் காணும்.

தீர்ப்பைத் தங்களிடம் விடுகிறேன். ‘மாற்றாந்தாய்’, ‘சித்தி’ என்றெல்லாம் இதழில் போட வேண்டாம், ‘வீட்டிலுள்ள ஒருவர்’ என்று போட்டால் போதும், எங்கள் கடைத்தெருவில் தங்கள் இதழை மூன்று பேர் வாங்குகிறார்கள். என் பெயரையும் ‘யாயிசு, பெயர் வேண்டாம், 16’ என்று போடக் கேட்டுக்கொள்கிறேன். மழைக்காலம் தொடங்குவதற்குள் தங்கள் பெயின்ட் எல்லாம் நன்றாகக் காயட்டும். தங்கள் கையில் பிடிக்கும் சின்னப் பாகம் எதுவும் துள்ளித் தரைவிரிப்பில் விழுந்து காணாமல் போகாதிருக்கட்டும்.

தங்கள் நீண்டநாள் (பாதி நாள் நின்றபடி) வாசகி,
மொச்சிசுகி கொனோமி

பின்குறிப்பு (ஞாயிறு மாலை):

இந்தக் கடிதத்தைப் புதன்கிழமையே அனுப்பியிருப்பேன். உறையில் போட்டுவிட்டு அஞ்சல்தலை வைக்கும் டப்பாவைத் திறந்தால் ஒன்றுகூட இல்லை. அதுவும் சதிதான் என்று உறையின் பின்பக்கம் குறித்து வைத்தேன். அஞ்சலகத்துக்குப் போனால் ஜன்னலில் இருப்பவரோடு பேச வேண்டும் என்பதால் போகவில்லை.

வெள்ளிக்கிழமை பகலில் ஒரு தடித்த உறை வந்தது. அனுப்பியது நண்டைச் செய்த கம்பெனி. பெறுநர் பெயர், மொச்சிசுகி ஓரியே. நான் பிரிக்கவில்லை. மேசை நடுவில் வைத்துவிட்டு, அதற்கு எதிரே, ஓரியே-சான் வேலையிலிருந்து வரும்வரை உட்கார்ந்திருந்தேன். அவர் வந்தார், உறையைப் பார்த்தார், வெளிச்செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“பிரிச்சுப் பாக்கலையா?”

“உங்க பேருக்கு வந்திருக்கு.”

“நான்தான் உடைச்சேன், கொனோமி-சான். வேக்குவம் கிளீனர் மேசைக் கால்ல லேசா முட்டிச்சு. சத்தியமா லேசாத்தான். கால் டப்புனு விழுந்துடுச்சு. எனக்கு நெஞ்சே நின்னு போச்சு. ஒட்டினேன், என் விரலும் சேர்ந்து ஒட்டிக்கிச்சு. காயற வரைக்கும் தூசி படக் கூடாதேன்னு டப்பாவுல மூடிவச்சேன். திறந்து பாத்தா கண்ணாடி வெளுத்துப் போயிருக்கு. உங்கிட்ட எப்படிச் சொல்றது? எட்டு மாசத்துல நாம தயிரைத் தவிர வேற பேசினதே இல்லையே.”

உறைக்குள் புதிய கூண்டு ஒன்றும் புதிய இடது பின்னங்கால் ஒன்றும் இருந்தன. கூடவே, அவர் நிரப்பி அனுப்பிய சீட்டை ‘அனுப்பப்பட்டது’ என்று முத்திரை குத்தித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். பாகத்துக்கான தொகையை அஞ்சல்தலையாகவே அனுப்பலாம் என்று அதில் போட்டிருந்தது. எங்கள் டப்பா காலியான காரணம் தெரிந்தது. ‘உடைந்த காரணம்’ என்ற கட்டத்தில், வெளியே வழிய வழிய, இப்படி எழுதியிருந்தார்: “வேக்குவம் கிளீனர். தப்பு முழுக்க என்னுடையது. என் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டும். அவள் கேட்க மாட்டாள், அதனால் நான் கேட்கிறேன்.”

இதை நான் மூன்று தடவை படித்தேன். பிறகு என் அறைக்குப் போய்ப் புதிய காலுக்குப் பெயின்ட் அடித்தேன்.

சனிக்கிழமை கடை திறந்ததும், முறிந்த பழைய காலை நெமோத்தோ-சானிடம் காட்டி, வேக்குவம் கிளீனர் லேசாக முட்டினால் கால் இப்படி உடையுமா என்று கேட்டேன். அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முறிந்த இடத்தைப் பார்த்தார்.

“முட்டினதா? இது அந்தக் கேஸே இல்ல. உள்ள வரைக்கும் பழுப்பு ஏறியிருக்கு பாரு. மூட்டுல எவ்வளவு ஊத்தின?”

“மூணு தடவை.”

“மூணு தடவையா! குடிக்கக் கொடுத்தியா, குளிப்பாட்டினியா? இறுக்கமாச் செருகின இடத்துல எனாமல் தின்னர் போய் உட்கார்ந்தா பிளாஸ்டிக் தானாப் பிளந்துக்கும். யாரும் முட்டலைன்னாலும் நீ தொட்டிருந்தா உன் கையோட வந்திருக்கும். ‘கையளவு’ல இதைப் பத்தி முழுப் பக்கம் போட்டிருந்தாங்களே, உனக்கு அப்ப பன்னிரண்டு வயசிருக்கும். படிக்கலையா?”

படிக்க ஆரம்பித்திருந்தேன். அந்தப் பக்கத்தின் பாதியில்தான் அவர் தூசிக் குச்சியோடு வந்தார். இதை அவரிடம் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டினேன். “ஓரியே-சான், காலை உடைத்தது நீங்கள் இல்லை. நான். தின்னர். மன்னிக்கவும். கொனோமி.” சாயங்காலம் அதற்குக் கீழே பதில் இருந்தது. “தயிர் இருக்கிறது. ஓரியே.” இரண்டு கிண்ணம் இருந்தது. ஒன்று அவருக்கு என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டோம்.

இன்று கண்காட்சி. ஓரியே-சான் லீவு போட்டுவிட்டு வந்துவிட்டார். அப்பாவும் வந்தார். எங்கள் மேசை மூலையில் இருந்தது, நண்டுக்குப் பக்கத்தில் யாரோ இடுப்பளவு ரோபோ ஒன்றை நிறுத்திவிட்டார்கள். காலையிலிருந்து பகல் வரை வந்தவர்கள் எல்லோரும் ரோபோவை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனார்கள். யாரும் குனியவில்லை. நெமோத்தோ-சான் கணக்கு நோட்டால் விசிறிக்கொண்டார். நான் மேசைத் துணியின் ஓரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஒரு மணிக்கு ஓரியே-சானால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

“வாங்க வாங்க! ஒத்தைக் கொடுக்கு நண்டு! இப்பத்தான் பனியிலேருந்து ஏறி வந்திருக்கு! நிமிர்ந்து பாத்தா தெரியாது, குனிஞ்சு பாருங்க, குனிஞ்சாத்தான் உள்ள ஓட்டறவர் மூஞ்சி தெரியும்! எங்க பொண்ணு பண்ணது!”

அந்த மண்டபத்தில் எல்லோரும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். தூரிகை தரையில் விழுந்தால்கூடக் கேட்கும். நூறு தலை ஒரே நேரத்தில் திரும்பியது. நான் மேசைக்கடியில் போய்விட்டேன். துணி தரை வரை தொங்கியதால் வசதியாக இருந்தது. அங்கிருந்து கால்கள் மட்டும் தெரிந்தன. கால்கள் வந்தன, நின்றன, முட்டி மடங்கியது. ஒன்று, நான்கு, ஒன்பது. பதினாறு வரை எண்ணினேன். அப்போது ஒருவர், “மஞ்சள் இப்படி உரிஞ்சிருக்கே, இதை எப்படிப் பண்ணாங்க?” என்று கேட்டார்.

“எனக்குத் தெரியாதுங்க. எம் பொண்ணு கீழ இருக்கா, அவளைக் கேளுங்க” என்றார் ஓரியே-சான்.

துணி விலகியது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிய ஒரு முகம் தலைகீழாக எட்டிப் பார்த்தது. “எப்படிம்மா பண்ண?”

ஆசிரியர் அவர்களே, எனக்கு வேறு வழி இருந்ததா? தொழில் சம்பந்தமாக ஒருவர் கேட்கிறார். பொய் சொன்னால் அவர் வீட்டுக்குப் போய் அவருடைய வண்டியைக் கெடுத்துக்கொள்வார். “ஹேர் ஸ்ப்ரே” என்றேன்.

“கேக்கலைம்மா, கொஞ்சம் சத்தமா.”

“ஹேர் ஸ்ப்ரே!”

பள்ளியை விட்ட பிறகு என் குரலை இவ்வளவு சத்தமாக நானே கேட்டது அப்போதுதான். எதிர் மேசைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்களாம். தேநீர் வாங்கிக்கொண்டு வந்த அப்பா நடுவழியில் நின்றுவிட்டார். “பாத்தியா! பாத்தியா ஓரியே! பன்னண்டு நாளா என் தலையை மோந்து மோந்து பாத்தியே!”

ஓரியே-சான் குனிந்து மேசைக்கடியில் தலையை நுழைத்தார். அவருடைய முன்முடி ஸ்ப்ரே எதுவும் போடாமல் சப்பென்று படிந்திருந்தது.

“ஒரு டின் முழுசுமா?”

“ரெண்டு டின். இன்னொண்ணு அலமாரிக்குப் பின்னால இருந்தது.”

“அடி கொனோமி!” என்றார். எட்டு மாதத்தில் முதல் தடவையாக ‘சான்’ இல்லாமல். அப்புறம் சிரித்தார். சிரிப்பும் இரண்டாம் நடைமேடை வரை கேட்டிருக்கும்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார் நெமோத்தோ-சான். “நாற்காலி போட்டு வைக்கறேன். ஆனா இவ்வளவு நல்ல குரலை வச்சுக்கிட்டுப் பின்னறையிலயா உட்காரப் போற?” என்று வேறு கேட்டார். இதில் ஏதோ உள்நோக்கம் இருப்பதாக எனக்குப் படுகிறது. நீல ஏப்ரன் பற்றியும் இதுவரை யாரும் வாய் திறக்கவில்லை. கண்காணித்து வருகிறேன்.

ஆகவே மேலே உள்ள ஒன்பது பக்கத்தையும் தயவுசெய்து படிக்காதீர்கள். படித்துவிட்டிருந்தால் மறந்துவிடுங்கள். என் கேள்வியை மாற்றிக்கொள்கிறேன், இது பத்து வரிக்குள் அடங்கும். ஓரியே-சானுக்கு நான் இரண்டு டின் ஹேர் ஸ்ப்ரே வாங்கித் தர வேண்டும். தலையில் நாள் முழுக்க நிற்கவும் வேண்டும், மாடலில் தண்ணீர் பட்டதும் உரியவும் வேண்டும். இரண்டுக்கும் ஒத்துவருகிற மாதிரி ஒரே டின் எதுவும் உண்டா?

உறையில் ஒட்ட அஞ்சல்தலை அவரே வாங்கி வந்திருக்கிறார். இப்போது எதிரே உட்கார்ந்து, இவ்வளவு நேரம் அப்படி என்ன எழுதுகிறாய் என்று கேட்கிறார். பெயின்ட் பற்றி ஒரு சின்னச் சந்தேகம் என்று சொன்னேன். நம்பவில்லை. உறையை ஒட்டியதும் அதை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார் என்று நினைக்கிறேன். இந்த வீட்டில் அந்தக் குணம் எனக்கு மட்டும்தான் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.